நாலு மணிக் கஞ்சி

சாகப்போகிற கிழவி மாதிரிப் படுங்கள் என்று முப்பது வயசு நிரம்பாத ஒரு பெண் வாய் கூசாமல் சொல்கிறாள், சொன்னால் ஏறிப் படுக்கத்தான் வேண்டியிருக்கிறது, எல்லாம் கெரகம் என்று நினைத்துக்கொண்டே மயிலாத்தாள் சேலையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசை மேல் மல்லாந்து படுத்தாள். விரித்திருந்த போர்வை மூணாம் நம்பர் ரூமுடையது, சலவைக்குப் போகாதது; படுத்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தர்ஷிகா மேடத்துக்குத் தெரியுமா அது? சென்னையிலிருந்து பிளேனில் வந்து இறங்கி, ஞாபகம் போன பெரியவர்களைக் கடைசிக் காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு நாள் பாடம் நடத்தி, ஆளுக்கொரு சர்ட்டிபிகேட்டை நீட்டிவிட்டுத் திரும்பிப் போகிறவளுக்குப் போர்வை நாற்றம் எதற்கு. பதினாலு வருசமாக இந்த முதியோர் இல்லத்தில் பீ மூத்திரம் அள்ளுகிற மயிலாத்தாளுக்கு இவள் பாடம் எடுக்கிறாள். காலையில் முதல் வேலையாக ஒரு பிளாஸ்டிக் பந்தைத் தூக்கிப் போட்டு, பிடிக்கிறவர்கள் தங்கள் பேரையும் பிடித்த பழத்தையும் சொல்ல வேண்டும் என்றாள். ஐம்பத்திரண்டு வயசில் மயிலாத்தாள் பந்து பிடித்துக் கொய்யாப்பழம் என்றாள். ‘சூப்பர்க்கா!’ என்றாள் மேடம். கொய்யாவில் என்ன சூப்பரைக் கண்டாளோ. டீ வந்தால் சூப்பர், கரண்ட் போனால்கூட ‘சூப்பர், ஒரு சின்ன பிரேக்’ என்கிறாள். நாளைக்கு இவளுக்குத் தாலி கட்டுகிற மாப்பிள்ளையிடமும் சூப்பர் என்றுதான் சொல்வாள்.

“அக்கா, இப்ப நீங்கதான் பேஷண்ட். ஞாபகம் சுத்தமாப் போயிடுச்சு, பேச்சும் போயிடுச்சு, இன்னும் ரெண்டு மூணு நாள்தான். கண்ணைத் தொறக்காதீங்க. என்ன நடந்தாலும் பேசாதீங்க. இருபது நிமிஷம், ஓகேவா?”

“நாலு மணிக்கு நான் மேல போயி டீச்சருக்குக் கஞ்சி ஊட்டோணுங்க.”

“அதுக்குள்ள முடிச்சிடலாம்க்கா.”

கண்ணை மூடியதும் ஃபேன் சத்தம் பெரிசாகிவிட்டது. எந்தப் பாடம் நடந்தால் என்ன, எந்த மகராசி பிளேனில் வந்தால் என்ன, நாலு மணிக்கு லோகநாயகி டீச்சருக்குக் கஞ்சி. பொள்ளாச்சிப் பக்கம் பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் பூகோளம் நடத்தின டீச்சர். இப்போது மாடியில் ஏழாம் நம்பர் ரூமில் முட்டியை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு கிடக்கிறார், தன் பேரே தெரியாது. மார்கழியிலேயே சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஜெஸிந்தா சிஸ்டர் ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்தார், கூட வேலை செய்கிற சிந்தாமணி கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டார். பொங்கலுக்கு முந்தின வாரம் மயிலாத்தாள் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள். அன்றைக்கே டம்ளர் காலி. அன்றிலிருந்து இன்றைக்குப் பங்குனி வரைக்கும் ஒரு நாள் மீந்ததில்லை. மயிலாக்கா கைராசி என்பார்கள் எல்லாரும். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது! மூக்கை இரண்டு விரலால் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும், திறந்ததும் ஊற்றி, தாடையைத் தூக்கிக் கழுத்தை நீவிவிட்டால் இறங்கிவிடும், அவ்வளவுதான் விஷயம். நோம்பிக்குத் தின்ற பலகாரம் வயிற்றைக் கெடுக்குமென்று மறுநாள் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற வித்தை. மாமியார்க்காரி உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான். மயிலாத்தாள் அதைச் சிந்தாமணிக்கும் சொல்லிக்கொடுத்தாள், அடுத்து வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். பட்டம் வாங்கின மேடத்துக்குத் தெரியுமா? படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டுகிறாள், படத்திலெல்லாம் வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் பல்லைக் காட்டிக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய். டீச்சர் மகள் சுகந்தியைக் கேட்டால் சொல்லும் யார் கெட்டிக்காரி என்று. மெல்போர்னிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடும் பாவம். ‘அக்கா, அம்மா சாப்பிட்டாங்களா?’ மயிலாத்தாள் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். ‘டாக்டர் என்னென்னமோ சொல்றார்க்கா, எனக்கு உங்க வார்த்தைதான். நான் கெளம்பி வரட்டுமா? சொல்லுங்க, அடுத்த பிளேன்ல வர்றேன்.’ ‘எதுக்குங்க அம்மிணி, டம்ளரப் பாத்தீங்கல்ல? கஞ்சி எறங்கற ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்க. புள்ளைகளுக்குப் பரீச்சை முடியட்டும், ஆடி மாசம் வாங்க.’ அந்தப் பெண் முகம் தெளிந்துவிடும். டாக்டரால் முடிந்ததா அது? மயிலாத்தாளால்தானே முடிந்தது.

“பேஷண்ட்டோட வாய் காஞ்சிருக்கும். சிந்தாமணி, பஞ்சை நனைச்சு உதட்டை ஒத்தி எடுங்க. தொடறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?” என்று மேடம் கேட்டாள்.

“கிளவுஸ் போடோணுங்க.”

“அதுக்கும் முன்னாடி. பேர் சொல்லிக் கூப்பிடணும். என்ன செய்யப்போறோம்னு சொல்லணும்.”

பேர் சொல்லி! பேரே தெரியாதவளிடம் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் சிந்தாமணி சொல்லவும் இல்லை, பொசுக்கென்று ஈரப் பஞ்சு உதட்டில் வந்து விழுந்தது, மயிலாத்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பச்சைத் தண்ணீர். எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் எல்லாக் கையும் திடீர் திடீரென்றுதான் வரும்போலிருக்கிறது. எருமை, சொல்லிவிட்டுத் தொட்டால் உன் வாய் முத்து உதிர்ந்துவிடுமா. இரண்டு பேர் இடுப்பில் கை கொடுத்து ஒருக்களித்துப் புரட்டினார்கள். சேலை விலகிற்று. யாரும் இழுத்துவிடவில்லை, தலைக்கு மேலேயே ஜெஸிந்தா சிஸ்டர் யாரிடமோ நாயம் பேசிக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொள்கிற நாயம். அப்புறம் சிரித்துக்கொண்டே, “அக்காவுக்கும் வயசாச்சு, இன்னும் பத்து வருசத்துல நெஜமாவே இப்படித்தான் பொரட்டப்போறோம்” என்றாள். கேட்டுக்கொண்டு கிடக்கிறேனடி, காது என்ன செத்தா போச்சு? எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாய் துறுதுறுத்தது. பேசக் கூடாதே, கட்டளை. பத்து வருசம். மருமகள் முகம் நினைவுக்கு வந்தது. அவள் புரட்டுவாளா? அவளாவது புரட்டுவதாவது, போனைப் பார்த்துக்கொண்டே காலால் தள்ளுவாள். சீ, மேசை மேல் படுத்ததற்கே இந்த நினைப்பா என்று மயிலாத்தாள் தன்னையே ஏசிக்கொண்டு சேலையைக் கால் கட்டைவிரலால் நெருடி இழுத்துவிடப் பார்த்தாள். எட்டவில்லை.

“ஒண்ணு நல்லா மனசுல வச்சுக்கோங்க,” மேடத்தின் குரல் மேசையைச் சுற்றி வந்தது. “கடைசி நாள்ல அவங்களுக்குப் பசி கெடையாது. சாப்பிடாததால அவங்க சாகல. உசிரு அடங்கிக்கிட்டு வர்றதால சாப்பிடல. நாம கட்டாயப்படுத்தினா அது குடலுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும்.”

அளக்கிறாள் பார். பசி இல்லையாம். பசி இல்லாத உடம்பு உண்டா உலகத்தில்? செத்தவனுக்கே பசிக்குமென்று காக்காய்க்குச் சோறு வைக்கிற ஊர் இது, இவள் வந்துவிட்டாள். மயிலாத்தாளின் அப்பன் பசியோடுதான் போனார். இல்லை, பசியோடா போனார்? கோபத்தோடு போனார். கடைசி ஒன்பது நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார், அரிசிப் பருப்புச் சாதம் நெய் விட்டுக் குழைத்துக்கொண்டு போனாள், கேழ்வரகுக் கஞ்சி கொண்டு போனாள், அவருக்குப் பிடிக்குமென்று பச்சைப் பயறு கடைந்து கொண்டு போனாள், ‘அப்பா, ஒருவாய்ப்பா, என்ற கையால ஒரு வாய்’ என்று காலைப் பிடித்து அழுதாள், அந்த மனுசன் உதட்டைப் பிரிக்கவில்லை. நிலத்தை விற்கும்போது கையெழுத்துப் போட்டாளே அந்தக் கோபம் என்று அவளாகவே முடிவு செய்தாள். எழவுப் பந்தலில் உட்கார்ந்த ஒறம்பரை சொந்தபந்தம் அவள் காதுபடவே பேசிற்று: ‘மக கையால ஒரு வாய்த் தண்ணி வாங்காமப் போயிட்டானே, என்ன பாவம் பண்ணுனாளோ.’ அந்தப் பேச்சு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அன்றைக்கு முடிவு கட்டினாள், இனி என் கைக்கு வருகிற எந்த உசிரும் வாயை மூடிக்கொண்டு போகக் கூடாது. ஒன்பது நாள். உசிரு அடங்கிக்கிட்டு வர்றதால சாப்பிடல. அப்படியென்றால் அப்பன் கோபத்தில்... அட, இவள் சொல்வதை ஒரு பேச்சென்று எடுத்துக்கொண்டு! வயசு இருபத்தெட்டு, பிணத்தைக் குளிப்பாட்டியிருப்பாளா ஒரு தடவை? ஒன்பது நாளும் கோபத்தில்தான் இருந்தார். கோபமில்லாமல் யாராவது பெற்ற மகளிடம் வாயை மூடுவார்களா? மூடுவார்களா என்ன?

“இப்ப கஞ்சி. சிந்தாமணி, ஸ்பூன்ல கால்வாசிதான். உதட்டுல லேசாத் தொட்டுட்டு வெயிட் பண்ணுங்க. அவங்களாத் தொறந்தாக் குடுங்க, தொறக்கலையா, எடுத்துடுங்க. எடுக்கறதும் ஒரு கவனிப்புதான். அய்யோ, ஸ்கிரீன் போயிடுச்சே. ஒரு நிமிஷம், நீங்க செய்யுங்க, நான் இதைப் பாத்துட்டு வந்துடறேன்.”

செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. வயரைப் பிடுங்குகிறாள், மாட்டுகிறாள், பிடுங்குகிறாள். இந்த லட்சணத்தில் இவள் சாவைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள், ஒரு வயரோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை. ஸ்பூன் உதட்டில் பட்டது, சத்துமாவுக் கஞ்சி, ஆறிப்போனது, சர்க்கரை பத்தவில்லை. மயிலாத்தாள் உதட்டைத் திறக்கவில்லை. நடிப்பென்றால் நடிப்பு. இப்போது எடுத்துவிட வேண்டும், அதுதானே பாடம், எடுக்கிறாளா பார்ப்போம். சிந்தாமணி எடுக்கவில்லை. சுற்றிலும் பத்துப் பேர் பார்க்கிறார்கள், மயிலாக்காவின் சிஷ்யை கையில் கஞ்சி மீந்தால் மானம் போய்விடும், அவளுடைய இடது முழங்கை தலைக்கடியில் நுழைந்து தலையைத் தூக்கிற்று. அந்த முழங்கை வந்ததுமே மயிலாத்தாளுக்கு அடுத்தது என்னவென்று தெரிந்துவிட்டது, சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. ஏய், வேண்டாம்டி, இது நான், மயிலாக்கா. கிளவுஸ் போட்ட இரண்டு விரல் மூக்கை அமுக்கிற்று. சரியான இடம், எலும்புக்குக் கீழே, பழுதில்லை. பிடி. நான் திறப்பேனா? அம்பத்திரண்டு வயசுக் கட்டை, காட்டு வேலை செய்த நெஞ்சு, எவ்வளவு நேரம் பிடிப்பாய் என்று பார்க்கிறேன். நெஞ்சுக்கூடு இறுகிற்று. காதில் கொய்யென்று சத்தம். விடுடி. நடிப்புப் போதும். விடு என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் ஊற்றுவாள், திறக்க மாட்டேன், திறக்க மாட்டேன், அவள் திறக்கவில்லை, வாய் திறந்தது. அதுவாகத் திறந்தது. மூச்சு வருகிற அதே கணத்தில் கஞ்சி வந்து விழுந்தது, தாடை மேலே தூக்கப்பட்டு வாய் மூடிக்கொண்டது, கழுத்தை ஒரு கை அன்பாக, ஆமாம் அன்பாகத்தான், மேலிருந்து கீழே நீவிவிட்டது. கஞ்சி போகிற வழியில் போகவில்லை. நெஞ்சுக்குள் நெருப்பு. கையை யாரும் கேட்கவில்லை, கை தானாக எழுந்து பளாரென்று எதன் மேலோ அறைந்தது.

“ஐயோ, அக்கா!” என்று சிந்தாமணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள்.

“சூப்பர்க்கா!” வயரைக் கையில் பிடித்துக்கொண்டே தர்ஷிகா மேடம் திரும்பிப் பார்த்தாள். “பாத்தீங்களா, பேஷண்ட் இப்படித்தான் கை ஓங்குவாங்க. எவ்வளவு தத்ரூபமா நடிச்சாங்க! படுங்கக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம்.”

மயிலாத்தாள் ஒருக்களித்து இருமினாள், இருமிக்கொண்டே இருந்தாள். நடிப்பாம். கூறுகெட்ட கழுதை, கண்ணெதிரே ஒருத்தி மூச்சுமுட்டிச் சாகக் கிடந்தாள், நடிப்பென்று கை தட்டுகிறாள். இதைவிட மட்டமான ஒரு ஜென்மம் உண்டா என்று நினைத்தாள், உண்டு என்று உடனே தோன்றிற்று, அங்கே நினைப்பு மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஏழாம் நம்பர் நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது: கை ஓங்குகிறார். மாசி மாசம் எழுதினது. எழுதிவிட்டு, பழைய துப்பட்டாவைக் கிழித்து, வலிக்கக் கூடாதென்று மெத்தென மடித்து, டீச்சரின் வலது கையைக் கட்டில் கம்பியில் கட்டினாள். நீவிவிட்டால் இறங்கிவிடும் என்றாளே, எங்கே இறங்கிற்று? டீச்சர் நெஞ்சில் பத்து நாளாகக் கறகறவென்று சத்தம். சளி என்றார்கள். சளி என்று இவளும் சொன்னாள். கைராசிக்காரி! பூகோளம் நடத்தின பொம்பளைக்குத் தினம் தினம் உசிரோடு வாய்க்கரிசி போட்டிருக்கிறாள், போட்டுவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறாள், அதைப் பார்த்து அந்தப் பெண் பிளேன் ஏறாமல் உட்கார்ந்திருக்கிறது. டம்ளர் காலியானது நிஜம். சாப்பிட்டார் என்பது எங்கே நிஜம்? ஒரு நாளும் சாப்பிடவில்லை. ஒரு வாய்கூட. தூ, மயிலாத்தா, தூ, நீயும் ஒரு மனுசியா.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

“பேஷண்ட்டுக்குப் போன் வருது!” என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. மயிலாத்தாள் எழுந்து மேசை மேலேயே கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். நாலு மணி தாண்டிவிட்டது. போனில் சுகந்தியின் முகம், பின்னால் அவர்கள் வீட்டு விளக்கு.

“மயிலாக்கா? ஏன் மூச்சு வாங்குது? அம்மா சாப்பிட்டாங்களா?”

“இல்லீங்க.”

“ஏன்க்கா? உங்க கையால கூடவா சாப்பிடல?”

“என்ற கையால அவங்க ஒரு நாளும் சாப்பிடலீங்க அம்மிணி. நான் மூக்கப் புடிச்சனுங்க. மூச்சுக்கு வாயத் தொறந்தாங்க. ஊத்திப்போட்டனுங்க.”

ஜெஸிந்தா சிஸ்டர் வேகமாகக் கிட்ட வந்து, “அக்கா, போனை வைங்க, அப்பறம் பேசிக்கலாம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். தர்ஷிகா மேடம் வயரோடு அப்படியே நின்றாள். இதற்கு அவளிடம் படம் எதுவும் இல்லை. மயிலாத்தாளுக்கு வேலை போகும், போகட்டும், ஏதோ ஒன்றிரண்டு நாள்தான் மூக்கைப் பிடித்தேன் என்று மாற்றிச் சொல்லித் தப்பிக்கவும் வழியிருந்தது, அந்த எண்ணம் வந்தும் போயிற்று.

“எத்தனை நாளாக்கா?” போனில் சுகந்தியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“பொங்கலுக்கு முந்தி இருந்துங்க.”

போன் அங்கே சாய்ந்துவிட்டது போலும், திரையில் வெறும் கூரைதான் தெரிந்தது, அழுகிற சத்தம் மட்டும் வந்தது. மயிலாத்தாள் காத்திருந்தாள். திட்டட்டும், சாபம் விடட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான்... நான் தினமும் கேட்டேனேக்கா. வரட்டுமான்னு கேட்டேனே.”

“கேட்டீங்க. இப்பச் சொல்றனுங்க, வாங்க. பரீச்சையெல்லாம் பாக்காதீங்க, ஆடியெல்லாம் ஆகாது, இன்னைக்கே பொறப்படுங்க. இனி நானும் ஊத்த மாட்டேன், ஒருத்தரையும் ஊத்த உட மாட்டேன். கையக் கட்டி வச்சிருக்கறனுங்க, போயி அவுத்து உடறேன். பேரச் சொல்லிக் கூப்புட்டு உதட்ட நனைச்சு உடறேன்.”

“நான் வர்ற வரைக்கும் அம்மா இருப்பாங்களா?”

இருப்பாங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழகின நாக்கு.

“தெரியலீங்க அம்மிணி,” என்றாள் மயிலாத்தாள். “தெரியும் தெரியும்னு சொல்லித்தான் இத்தன நாளு உங்களக் கெடுத்துப்போட்டேன்.”